குளிசைக் கொப்பி

லண்டனிலிருந்து அக்கா வந்து சூட்கேஸைத் திறந்தால் முதலில் சொக்லேட் வரும், அடுத்து விட்டமின் போத்தல்கள் வரும். 2023 ஜூனில் அப்படி வந்தவை ஐந்து: மல்ட்டிவிட்டமின், மீனெண்ணெய், மக்னீசியம், 1000 மில்லிகிராம் விட்டமின் சி, ஒரு பெரிய பேணி புரத மா. "நீ ஓடுறாய், உனக்குத்தான் இதெல்லாம் தேவை" என்றாள். அதற்கு முதல் வருடம் சாதாரண மருந்துக்கே பாமசி பாமசியாக அலைந்த நினைவு ஆறாத காலம் அது. போத்தல்களை அலுமாரியில் அடுக்கி வைத்தபோது மனதுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அடுத்த நாள் விடியவே ஐந்தையும் ஒன்றாகத் தொடங்கினேன்.

எனக்கு 42 வயது. வீடு கொழும்பு வெள்ளவத்தையில், வேலை கொள்ளுப்பிட்டியில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில். 2021இல் முடக்கம் தளர்ந்த பிறகு மரைன் டிரைவில் நடக்கத் தொடங்கி, நடை ஓட்டமாகி, கிழமைக்கு நான்கு நாள், மொத்தம் 35 கிலோமீற்றர் என்ற அளவுக்கு வந்திருந்தேன். ஆனால் 2023 தொடக்கத்திலிருந்தே உடம்பு இழுபட்டது. முன்பு பேசிக்கொண்டே ஓடிய தூரத்துக்கு இப்போது வாய் திறக்க முடியவில்லை. அலுவலகத்தில் இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. ஓடுகிறவர்களுக்குக் களைப்பு வரத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். குளிசை எடுத்தால் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

இரண்டாவது கிழமை வயிறு கழியத் தொடங்கியது. ஐந்தில் எது? மக்னீசியமும் செய்யும், கூடிய அளவு விட்டமின் சியும் செய்யும், புரதமாவில் உள்ள பால்சீனியும் சிலருக்குச் செய்யும். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கியதால் என்னால் எதையும் பிரித்தெடுக்க முடியவில்லை. பதினைந்து வருடம் மற்றவர்களின் கணக்கில் எந்தப் பதிவு எங்கே பிழைத்தது என்று தேடுவதே என் தொழில். என் உடம்பில் மட்டும் ஐந்து பதிவுகளை ஒரே வரியில் போட்டுவிட்டு மொத்தம் ஏன் பிழைக்கிறது என்று நின்றேன். அன்றைக்கே ஐந்தையும் நிறுத்தி, ஒரு 120 பக்கக் கொப்பி வாங்கினேன்.

கொப்பியில் என்ன எழுதுவது என்பதற்கே ஒரு மாதம் போனது. தொடக்கத்தில் இருபது நிரல்கள் போட்டேன். நான்காம் நாளே எழுதுவது நின்றுபோனது. கடைசியில் நிலைத்தவை இவ்வளவுதான்: விடிய எழும்பிக் கட்டிலில் கிடந்தபடியே எண்ணும் நாடித்துடிப்பு, நித்திரை எத்தனை மணி, எந்தக் குளிசை எத்தனை மணிக்கு, ஓட்டத் தூரம், வெளியே என்ன வெப்பம், மாதவிடாய் நாளா இல்லையா, உடம்பு எப்படி இருந்தது என்பதற்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு புள்ளி. கடைசி நிரலை ஓடி முடித்த கையோடு எழுதிவிட வேண்டும். மத்தியானம் எழுதினால் அலுவலகத்து எரிச்சலும் சேர்ந்து புள்ளியில் விழுந்துவிடும்.

இதோடு ஒரு சோதனை ஓட்டமும் வைத்தேன். இரண்டு கிழமைக்கு ஒரு சனி, விடிய ஐந்தே காலுக்கு, சுதந்திர சதுக்கத்தைச் சுற்றிய நடைபாதையில் 5 கிலோமீற்றர். வேகமாக ஓடுவதல்ல நோக்கம். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 150ஐத் தாண்டாமல் ஓடி, எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று பார்ப்பது. அதே துடிப்பில் நேரம் குறைந்தால் உடம்பு முன்னேறுகிறது. உயிரைக் கொடுத்து ஓடிப் பார்க்கும் நேரத்தில் அன்றைய மனநிலையும் கலந்துவிடும்; இதில் அது குறைவு. மணிக்கட்டுக் கடிகாரம் வியர்வையில் துடிப்பைப் பிழையாகக் காட்டியதால் நெஞ்சில் கட்டும் பட்டிக்கு மாறினேன். இவ்வளவிலும் எனக்கு உண்மையில் உதவிய செலவு அந்தப் பட்டிதான்.

எந்தக் குளிசையும் இல்லாமல் ஆறு கிழமை எழுதினேன். மூன்று சோதனை ஓட்டங்களும் 41 நிமிடத்துக்குச் சற்று மேலேயே நின்றன. படுக்கை நாடி 66. முந்தைய வருடம் கடிகாரம் பதிந்து வைத்திருந்ததைத் தேடிப் பார்த்தால் 58. அந்த எட்டுத் துடிப்பைப் பார்த்த பிறகுதான் எங்கள் குடும்ப டொக்டரிடம் போனேன்.

அவர் வயதானவர், பொறுமையானவர். கொப்பியை வாங்கி முழுதாகப் பார்த்தார். "பிள்ளை, விட்டமின் எல்லாம் பிறகு பாப்பம். கடைசியா எப்ப இரத்தம் சோதிச்சனீங்கள்?" என்றார். நான்கு வருடத்துக்கு முன். அடுத்த கேள்வி மாதவிடாய் பற்றி, அதற்கடுத்தது, "தேத்தண்ணி நாளுக்கு எத்தினை?"

ஐந்து. விடிய ஒன்று, காலைச் சாப்பாட்டோடு ஒன்று, அலுவலகத்தில் இரண்டு, பின்னேரம் ஒன்று. கிழமையில் மூன்று நாள் மரக்கறி. மாதவிடாய் இரண்டு வருடமாகக் கடுமை. ஹீமோகுளோபின் 11.2 என்று வந்தது. பெண்களுக்கு 12க்குக் கீழே போனால் இரத்தச்சோகை. ஃபெரிட்டின் 9. இரும்புச்சத்து உடம்பில் சேமிப்பாக எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் அளவு அது. 15க்குக் கீழே போனால் சேமிப்பே காலி என்று அர்த்தம். ஓடுகிறவர்களுக்கு 30க்குக் கீழேயே கவனம் வேண்டும் என்றார். ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துவிட்டு விடுகிறவர்கள் பலர். சேமிப்பு கரைந்து முடிந்த பிறகுதான் அது இறங்கத் தொடங்கும். ஆகவே பெண்கள் ஓடத் தொடங்கினால் சப்பாத்து வாங்குவதற்கு முதல் ஃபெரிட்டின் பாருங்கள் என்று யாரிடமும் சொல்வேன்.

இன்னொன்றையும் அவர் சோதிக்கச் சொன்னார். தலசீமியா என்பது பரம்பரையாக வரும் இரத்த நோய்; நோயில்லாமல் அதைச் சுமக்கும் காவிகள் எங்கள் நாட்டில் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்கும் சிவப்பணுக்கள் சிறிதாகவே இருக்கும். பார்வைக்கு இரும்புக் குறைபாடு போலவே தெரியும். ஃபெரிட்டின் பார்க்காமல் இரும்பைக் கொடுத்துக்கொண்டிருந்தால் தேவையில்லாத இரும்பு உடம்பில் சேரும், வெளியேற வழியும் இல்லை. எனக்கு அது இல்லை. கடுமையான மாதவிடாய்க்கு ஸ்கேன் எடுத்து அதற்கும் தனியாக வைத்தியம் தொடங்கியது. ஓட்டை இருக்கும் வாளியில் தண்ணீர் வார்த்துப் பயனில்லையே.

ஃபெரஸ் சல்ஃபேட் 200 மில்லிகிராம் குளிசை. அதில் உண்மையான இரும்பு ஏறக்குறைய 65 மில்லிகிராம். ஒரு நாளைக்கு இரண்டு என்று தொடங்கினேன். வயிறு இறுகியது, குமட்டியது, மலம் கறுப்பாகப் போனது. கறுப்பு நிறம் இரும்பால் வருவது, பயப்படத் தேவையில்லை. ஆனால் மற்ற இரண்டும் ஓட்டத்தையே கெடுத்தன. மூன்றாம் கிழமை கொப்பியில் புள்ளிகள் ஒன்று, இரண்டு என்றே இருந்தன. டொக்டர் அதைப் பார்த்துவிட்டு ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரே ஒரு குளிசையாக மாற்றினார். அதற்குக் காரணமும் சொன்னார். ஒரு குளிசை போட்டதும் ஈரல் ஹெப்சிடின் என்ற சுரப்பைக் கூட்டுகிறது. குடல் இரும்பை உறிஞ்சும் வாசலை அது ஒரு நாளளவுக்குச் சாத்திவிடுகிறது. அடுத்த குளிசையை உடனே போட்டால் பெரும்பகுதி வீணாகக் குடலில் கிடந்து வயிற்றை வருத்தும். 2017இல் இரும்புக் குறைபாடுள்ள பெண்களிடம் செய்த ஆய்வில், ஒருநாள் விட்டுக் கொடுத்தபோது ஒவ்வொரு குளிசையிலிருந்தும் கூடிய பங்கு உறிஞ்சப்பட்டது தெரியவந்தது.

கடின ஓட்டமும் சில மணி நேரம் கழித்து அதே ஹெப்சிடினைக் கூட்டும். அதனால் பின்னேரம் போடுவதை விட்டு, விடிய ஓடிவிட்டு வந்த கையோடு, வாசல் சாத்துவதற்கு முதல், அரைத் தேசிக்காய்ப் புளியோடு போடத் தொடங்கினேன். புளி இரும்பை உறிஞ்ச உதவும், தேத்தண்ணி தடுக்கும். அதனால் தேத்தண்ணியை இரண்டு மணி நேரம் தள்ளினேன். வாழ்க்கையில் ஆகக் கடினமான மாற்றம் அதுதான். ஓடிவிட்டு வந்து பால் தேத்தண்ணி இல்லாமல் இருப்பது எப்படியென்று இந்த ஊரில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஐந்தாம் கிழமைவரை கொப்பியில் ஒன்றும் தெரியவில்லை. ஏழாம் கிழமை படுக்கை நாடி 62. பத்தாம் கிழமைச் சனி, அதே பாதை, அதே துடிப்பு, 38 நிமிடம் 50 செக்கன். அன்றைக்குச் சதுக்கத்துச் சிங்கச் சிலைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். ஐந்து மாதத்தில் ஹீமோகுளோபின் 12.9, ஃபெரிட்டின் 36. அக்கா கொண்டுவந்த மல்ட்டிவிட்டமினிலும் இரும்பு இருந்தது, 14 மில்லிகிராம். அதைத் தேத்தண்ணியோடுதான் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

மக்னீசியம் எனக்கு வேறொரு பாடம் தந்தது. அந்த வருட டிசம்பரில், நல்ல நித்திரை வரும், கால் பிடிப்பு வராது என்று நினைத்து மக்னீசியத்தை மட்டும் தொடங்கினேன். இரண்டு சோதனை ஓட்டங்களில் மேலும் ஒரு நிமிடம் குறைந்தது. கால் பிடிப்பும் வரவில்லை. ஓடும் தோழிகள் மூன்று பேருக்கு இதை வாங்கச் சொன்னேன். ஏப்ரலில், மக்னீசியம் ஒருநாளும் தவறாமல் போட்டபடியே, நேரம் இரண்டு நிமிடம் கூடிவிட்டது. வெப்ப நிரலைப் பார்த்தேன். டிசம்பர், ஜனவரிச் சனிகளில் விடிய 23 பாகை, காய்ந்த காற்று. ஏப்ரலில் 27, இலை அசையாத புழுக்கம். என்னோடு அதே பாதையில் ஓடும், எந்தக் குளிசையும் போடாத தோழியின் நேரங்களை வாங்கிப் பக்கத்தில் எழுதினேன். அவளுக்கும் டிசம்பரில் குறைந்து ஏப்ரலில் கூடியிருந்தது. மார்கழிக் குளிர் செய்ததை மக்னீசியத்தின் பெயரில் வரவு வைத்திருக்கிறேன். மூன்று பேரிடமும் போய் நான் சொன்னது பிழை என்று சொன்னேன். அதன் பிறகு ஒரு குளிசையின் பலனை முடிவு செய்வதென்றால் நிறுத்திப் பார்த்து, திரும்பத் தொடங்கிப் பார்த்து, கூட ஓடுகிறவரின் கணக்கையும் பார்த்த பிறகுதான்.

இனி என்னை உண்மையில் பயமுறுத்தியது. 2024 ஓகஸ்டில் வழமையான ஆறுமாதச் சோதனைக்கு இரத்தம் கொடுத்தேன். களைப்பு மீண்டும் எட்டிப் பார்த்ததால் டொக்டர் தைரொயிட்டும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். தைரொயிட்டைத் தூண்டும் சுரப்பான டிஎஸ்எச் மிகக் குறைவு, தைரொயிட் சுரக்கும் ஃப்ரீ ரீ4 மிகக் கூட. தைரொயிட் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்று அர்த்தம். ஃபெரிட்டின் 17. அரைவாசிக்கு மேல் போய்விட்டது. அன்றிரவு நித்திரை இல்லை. ஓட்டத்தை நிறுத்த வேண்டும், மருந்து வாழ்நாள் முழுக்க, திரும்பவும் இரும்பு, திரும்பவும் வயிறு. எல்லாம் ஒரே தாளில் வந்து நின்றன.

டொக்டர் அறிக்கையைப் பார்த்து, என்னைப் பார்த்து, திரும்ப அறிக்கையைப் பார்த்தார். கையை நீட்டச் சொன்னார், நடுக்கம் இல்லை. நிறை குறைந்ததா என்றார், இல்லை. கொப்பியைக் கேட்டார். தைரொயிட் கூடினால் முதலில் ஏற வேண்டியது படுக்கை நாடி. கொப்பியில் அது 57, 58 என்று மூன்று மாதமாக ஆடாமல் இருந்தது. "பேப்பர் ஒண்டு சொல்லுது, ஆள் வேற சொல்லுது. புதுசா என்ன எடுக்கிறியள்?" என்றார். குளிசை ஒன்றும் இல்லை என்றேன். பிறகு நினைவு வந்தது. முடி கொட்டுகிறதென்று அக்கா ஜூலையில் ஆள் மூலம் கொடுத்துவிட்ட மெல்லும் இனிப்புகள். இனிப்பு மாதிரி இருந்ததால் அதைக் குளிசைக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. வீட்டுக்கு ஆளனுப்பிப் போத்தலை எடுப்பித்தோம். பயோட்டின், 10,000 மைக்ரோகிராம். ஒருவருக்கு நாளொன்றுக்குப் போதுமான அளவு 30.

டொக்டர் ஒரு தாளில் கீறிக் காட்டினார். பல ஆய்வுகூட இயந்திரங்கள் இரத்தத்தில் உள்ள பொருளைப் பிடிப்பதற்கே பயோட்டினைப் பசைபோலப் பயன்படுத்துகின்றன. நம் இரத்தத்திலேயே பயோட்டின் மிதந்தால் அந்தப் பசை ஒட்டும் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். சில சோதனைகளில் உண்மையைவிடக் குறைவாக வரும்; டிஎஸ்எச், ஃபெரிட்டின் அப்படி. சிலவற்றில் கூடுதலாக வரும். ஃப்ரீ ரீ4 அப்படி. இரண்டும் சேர்ந்தால் தைரொயிட் நோயின் அச்சு அசல் படம். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரொபொனின் சோதனையையும் இது குறைத்துக் காட்டக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2017இலேயே இது பற்றி எச்சரித்திருக்கிறது. இனிப்பை நிறுத்தினேன். பத்து நாள் கழித்து அதே ஆய்வுகூடத்தில் மீண்டும் இரத்தம் கொடுத்தேன். தைரொயிட் இரண்டும் சரி. ஃபெரிட்டின் 34.

அந்தப் பத்து நாளும் நான் பட்ட பாட்டை யாரும் படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். முடிக்கு, நகத்துக்கு, தோலுக்கு என்று வரும் எதையும் இரத்தம் கொடுக்கப் போகும்போது சொல்லுங்கள். நான் இப்போது போத்தல்களின் பின்பக்கத்தைத் தொலைபேசியில் படமெடுத்து வைத்திருக்கிறேன். டொக்டரிடம் அதைத்தான் காட்டுவேன். தசைப் பலத்துக்கென்று கிரியட்டின் எடுக்கும் ஆட்களுக்கும் இதே மாதிரி ஒன்று நடக்கும். அது உடம்பில் மாறும்போது, சிறுநீரகச் சோதனையில் அளக்கும் கிரியட்டினின் ஆகிறது. சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகாமலே அந்த அளவு சற்று ஏறிக் காட்டும். சொல்லாவிட்டால் டொக்டர் சிறுநீரக நோய் என்றே தேடத் தொடங்குவார்.

மற்றவற்றை விரைவாகச் சொல்கிறேன். விட்டமின் டி எனக்கு 14 இருந்தது, 20க்குக் கீழே குறைபாடு. வெயில் கொட்டும் கொழும்பில் எப்படி என்று கேட்பார்கள். இருட்டில் ஓடி, குளிரூட்டியில் வேலை செய்து, பொழுதுபட்ட பிறகு வீடு வருகிறவருக்கு வெயில் எங்கே? டொக்டர் சொன்ன அளவில் எடுத்து 33க்கு வந்தது. ஓட்ட நேரத்தில் ஒரு செக்கனும் மாறவில்லை. அது எலும்புக்காக எடுத்தது, அவ்வளவுதான். சொந்தமாகக் கூட்டிப் போடாதீர்கள். கொழுப்பில் கரைவது, உடம்பில் தங்கும். விட்டமின் சி ஆயிரத்தை விட்டுவிட்டேன். 2009இல் ஜெர்மனியில் செய்த ஆய்வில், நாளுக்கு ஆயிரம் மில்லிகிராம் சியும் 400 அலகு ஈயும் எடுத்தவர்களுக்கு, உடற்பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கும் பலன் கிடைக்காமல் போனது. கொய்யாப்பழம் போதும். கஃபீன் குளிசை உண்மையாகவே வேலை செய்தது. ஆனால் பின்னேரப் பயிற்சிக்குப் போட்ட நாட்களில் நித்திரை நிரல் ஐந்து மணிக்கு இறங்கியது, அடுத்த இரண்டு நாள் புள்ளியும் கூடவே இறங்கியது. போட்டி நாளுக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

ஞாயிறு நெடுந்தூரத்துக்குப் பிறகு வரும் தலையிடிக்கு மருந்து உப்பாக இருந்தது. வெள்ளவத்தையிலிருந்து காலிமுகத்திடலுக்குப் போய்த் திரும்பி, மேலும் கொஞ்சம், 16 கிலோமீற்றர். முதலும் பிறகும் நிறை பார்த்தேன். 600 மில்லிலீற்றர் குடித்தும் 1.6 கிலோ குறைவு. இரண்டு லீற்றருக்கு மேல் வியர்வை. செவ்விளநீர் குடித்தேன், தலையிடி போகவில்லை. இளநீரில் பொட்டாசியம் நிறைய, வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புச்சீனித் தூளான ஜீவனிப் பக்கெற் ஒன்றை ஒரு லீற்றர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து அதில் அரைவாசி குடிக்கத் தொடங்கினேன். ஆறு ஞாயிறு எழுதினேன், ஐந்தில் தலையிடி இல்லை. பக்கெற்றைப் பாதியாகப் பிரித்துக் கரைக்காதீர்கள், அளவு பிழைக்கும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் அண்ணாவின் மகன் பாடசாலை அணிக்கு 800 மீற்றர் ஓடுகிறான். போன வருடம் ஒரு பேணியோடு வந்தான். "மாமி, பயிற்சிக்கு முதல் இதைக் குடிச்சா கை காலெல்லாம் விறுவிறுக்குது. வேலை செய்யுது எண்டுதானே அர்த்தம்?" தொலைபேசியில் யாரோ விற்றது. இறக்குமதி செய்தவர் பெயர் இல்லை, பதிவு எண் இல்லை, உள்ளே இருப்பவை 'கலவை' என்று மட்டும், தனித்தனி அளவு இல்லை. விறுவிறுப்பு, இப்படியான கலவைகளில் சேர்க்கும் பீட்டா அலனின் என்ற அமினோ அமிலத்தால் வருவது. தோலின் நரம்பு செய்யும் வேலை அது, வேகத்தின் அடையாளம் அல்ல. அவனுக்கு எங்கள் கிரிக்கெட் வீரர் உபுல் தரங்கவைப் பற்றிச் சொன்னேன். 2011 உலகக் கிண்ணத்தின்போது சோதனையில் ஸ்டெரொயிட் காட்டியதால் அவருக்கு மூன்று மாதத் தடை கிடைத்தது. தோள் வலிக்கு எடுத்த மூலிகை மருந்தே அதற்குக் காரணம் என்று விளக்கப்பட்டது. தெரியாமல் எடுத்தேன் என்பது ஊக்கமருந்துச் சட்டத்தில் தண்டனையைக் குறைக்கலாம், ஆனால் உடம்பில் இருந்ததற்கு ஆளே பொறுப்பு. நாளைக்குச் சுகததாச விளையாட்டரங்கில் தேசிய மட்டத்தில் ஓடப்போகிற பிள்ளைக்கு இது விளையாட்டல்ல. பேணியை என்னிடமே விட்டுவிட்டுப் போனான். இரண்டு நாள் கழித்து ஒரு கொப்பியின் படத்தை அனுப்பினான். முதல் பக்கத்தில் படுக்கை நாடி 52 என்று இருந்தது.

எனக்கு இப்போது குளிசை என்று ஒன்றும் இல்லை. மாதவிடாய் சீராகிவிட்டது. முருங்கை இலை, பயறு, நெத்தலி, சாப்பாட்டிலிருந்து தள்ளி வைத்த தேத்தண்ணி, இவற்றோடு ஃபெரிட்டின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. நடந்துகொண்டிருக்கும் ஒரே சோதனை பீட்ரூட். அதிலுள்ள நைத்திரேற்று இரத்தக் குழாய்களை விரித்து ஓட்டத்துக்கு உதவும் என்கிறார்கள். அதை வாயில் வாழும் நுண்ணுயிர்கள்தான் முதலில் மாற்றிக் கொடுக்கின்றன. அதனால் வாய் கொப்பளிக்கும் மருந்துத் திரவத்தை நிறுத்திவிட்டு, ஓட்டத்துக்கு இரண்டரை மணி நேரத்துக்கு முதல் சாறு குடிக்க வேண்டும். விடிய ஐந்தே காலுக்கு ஓடுகிறவர் அதற்கு எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும் என்று பாருங்கள். அதனால் சோதனையைப் பின்னேரத்துக்கு மாற்றி, புதிதாக மூன்று சனி சாறு இல்லாமல் ஓடி எழுதிவிட்டேன். வரும் சனி முதல் சாறு. தோழியும் வருகிறாள், சாறு இல்லாமல்.